அவுட்போஸ்ட் வாசலில் உட்கார்வது

பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. பாகூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் அடுப்பெரித்துக்கொண்டிருந்தேன். படிப்பு ஐந்தாவது வரை. அதன்பின் எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. அந்த ஊர் மட்டும் என்னைப் போகவிடாமல் வைத்துக்கொண்டது. எனக்கு அங்கே உறவென்று ஒருவரும் இல்லை என்பதுதான் காரணம்.

நான் வருவதற்கு முந்தைய நடவின்போது ஒரு ஆளைப் போலீஸ் அவுட்போஸ்ட்டுக்கு அழைத்துப்போய் விசாரித்திருக்கிறார்கள். உள்ளங்காலில் அடி. அறுப்பு வந்த பிறகும் அவன் குதிகாலை ஊன்றித்தான் நடந்தான். போலீஸைக் கேட்டால், யாரும் அடிக்கவில்லை என்றார்கள். புதுச்சேரியில் எந்த ஆபீஸில் போய்ச் சொல்வது என்பதும் தெரியாத காலம்.

அதனால் ஊரே ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. யாரைப் பிடித்துப் போனாலும் ஊர் சார்பில் ஒருவன் போய் அவுட்போஸ்ட் வாசலில் உட்கார வேண்டும். சண்டை போடக் கூடாது. பிடிபட்டவன் வெளியே வரும்வரை எழுந்து போகவும் கூடாது. பிடிபட்டவன், புகார் கொடுத்தவர் இருவர் பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஆளாக இருக்க வேண்டும். கூலி ஏரி மீன் குத்தகையிலிருந்து வரும். சாப்பாடு வீட்டுக்கு வீடு முறை. ஆனால் போலீஸ் தரும் டீயையும், பிடிபட்டவன் வீட்டுக் கஞ்சியையும், புகார் கொடுத்தவர் வீட்டுச் சோற்றையும் தொடக் கூடாது. இதையெல்லாம் முன்னின்று பேசி முடித்தவர் மளிகைக் கடை பாய். உட்கார என்னைப் பிடித்ததும் அவர்தான்.

முறையில் பெரிய வீட்டையும் சேர்த்திருந்தார்கள். ஊர்ப் பொது என்றால் பண்ணையாரை எப்படி விடுவது?

ஒருநாள் பண்ணையாரின் ஆயில் என்ஜினில் தோல் பெல்ட்டைக் காணோம். அவர் கைகாட்டிய கரும்பு வெட்டும் ஆளைக் காலையிலேயே கொண்டுபோனார்கள். பின்னாலேயே நானும் போய், எதிரே இருந்த புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன். வாசலும் மேசையும் தெரியும். ஆளை அடைத்து வைக்கும் அறை தெரியாது.

ஏட்டு வெளியே வந்து பார்த்தார்.

"இன்னாடா, அவன் உனுக்கு மாமனா, மச்சானா?"

"யாரும் இல்லீங்கய்யா."

"அப்ப எழுந்து போ."

நான் எழவில்லை. அவர் உள்ளே போய் லத்தியை எடுத்துவந்து, எனக்குத் தெரியும்படி மேசைமேல் வைத்தார். பெஞ்சை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கிணறு சற்றுத் தள்ளி இருந்தது. தண்ணீர் குடிக்கப் போனால் அந்த நேரம் போதும் அவருக்கு.

வெயில் ஏறியதும் மறுபடி வந்தார். "இன்னிக்குச் சோறு யார் வூட்டு முறைன்னு தெரியுமா உனுக்கு?" என்று கேட்டுச் சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பண்ணையார் வீட்டு முறை. சாப்பிட்டால் ஊர் வைத்த ஆளும் விலை போய்விட்டான் என்பார்கள். அப்புறம் யார் வந்து உட்கார்ந்தாலும் நம்ப மாட்டார்கள். வேறு எங்காவது சாப்பிடப் போனால் உள்ளே இருப்பவன் கால் போய்விடும்.

பண்ணையார் வீட்டில் வேலை செய்கிற அம்மா தூக்கோடு வந்தார். மூடியைத் திறந்ததும் கருவாட்டுக் குழம்பு வாசனை. ஏட்டு நிலையில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்.

"எனுக்கு வேணாம்மா," என்றேன். "உள்ள இருக்கறவனுக்குக் குடு."

தொடக் கூடாது என்பது உட்காருகிறவனுக்குத்தான். உள்ளே இருப்பவனுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அம்மா என்னையும் ஏட்டையும் மாறிமாறிப் பார்த்தார். யார் துன்னா இன்னா, ஏனம் காலியாகத் திரும்பாவிட்டால் ஐயா தன்னைத்தான் கேட்பார் என்று சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். பண்ணையார் வீட்டுச் சோற்றைத் திருப்பி அனுப்ப ஏட்டுக்குத் துணிச்சல் இல்லை. உள்ளே கொண்டுபோகத் தூக்கை எடுத்தார்.

"வெளிய வந்து துன்னட்டும்யா," என்றேன். "துன்னான்னு நான் ஊர்ல சொல்லணும்."

தூக்கைப் படியிலேயே வைத்தார். பிறகு சாவியை எடுத்தார்.

அவன் வந்தபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தேன். வாசற்படியைத் தாண்டி வலது காலை வைத்தான். பாதம் முழுசாகப் பதிந்தது. இடது காலும் பதிந்தது. உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

"பாத்துட்ட இல்ல? கெளம்பு," என்றார் ஏட்டு.

"அவன் வூட்டுக்கு நடந்து போறதையும் பாத்துட்டுப் போறேன்யா."

இனிமேல் விழும் அடி எல்லாம், கால் நன்றாக இருந்ததை நான் பார்த்த பிறகு விழுந்ததாகிவிடும். அது அவருக்கும் புரிந்தது. பொழுது சாய்வதற்குள் அவனை விட்டார்கள். என்னைத் தாண்டித்தான் போனான், திரும்பிப் பார்க்கவில்லை. பெல்ட்டை அவன் எடுத்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் வேலையும் இல்லை.

புகார் கொடுத்த வீடு, அந்த விவகாரம் முடியும்வரை முறையில் கிடையாது என்று பாய் கடையில் பேசி முடிவு செய்தார்கள். அதைப் பாயே போய்ப் பண்ணையாரிடம் சொன்னார். என் சோறு ஆகாதென்றால் இனி ஒன்றுமே கிடையாது என்றாராம் பண்ணையார். ஏரிக் குத்தகை அவர் கையில் இருந்தது. அவர் நிலத்தில் பயிர் வைத்திருந்த வீடுகளும் ஒவ்வொன்றாக முறையை நிறுத்திக்கொண்டன.

"கூலி இருக்காதுப்பா. சோறும் ஒருவேளைதான் தேறும். இருப்பியா?" என்று பாய் கேட்டார்.

அடுத்த ஆளைப் பிடித்துப்போனது அதே வாரம். பாய் கடையில் ஒரு பொட்டலம் பொட்டுக்கடலை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, போய் உட்கார்ந்தேன்.