ஒரு சங்கு கழுதைப் பால்

அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவுக்கு இன்றும் கழுதைப் பால் வரும். கழுதையை நடத்திக்கொண்டே ஒருவர் கூவிக்கொண்டு போவார். கைக்குழந்தை உள்ள வீடு என்றால் வாசலிலேயே கறந்து, சங்கில் ஊற்றிக் கொடுப்பார்.

என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்த புதிதில் மாமியார் அவரைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஒரு சங்கு குடுத்துடும்மா. சளி, ஜுரம் ஒன்னியும் கொயந்தைய அண்டாது" என்றார் பால்காரர்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நோய் எதிர்ப்புப் பாடம் நடத்துகிறவள் நான். என்னிடமேயா?

"தாய்ப்பால் போதும். நீங்க கெளம்புங்க" என்று கதவைச் சாத்தினேன். மாமியார் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்காக நான் கவலைப்படவும் இல்லை.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் குழந்தைக்கு மூக்கடைத்தது. அப்புறம் பால் குடிக்க மறுத்தாள். விலா உள்ளே இழுக்க இழுக்க மூச்சுவிட்டாள். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நுரையீரலில் வைரஸ் என்றார்கள்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். "பிறந்த குழந்தையோட பாதுகாப்பு செல்களுக்கு வைரஸை எதிர்க்கிற வேகம் பத்தாதும்மா. அதுங்களை உசுப்பிவிட முடியுமான்னு ஆராய்ச்சி நடக்குது. இப்போதைக்கு ஆக்சிஜன் குடுத்துட்டுக் காத்திருக்கணும்."

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? கரும்பலகையில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு நான் சொல்லிக்கொடுப்பதுதான். தெரிந்து என்ன கிழித்தேன்? தீவிர சிகிச்சை அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஆராய்ச்சி எங்கேயோ நடந்துகொண்டிருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் என் மகள் போய்விட்டாள்.

மாமியார் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

போன வாரம் தெருவில் அதே குரல். கழுதைப் பால் எந்த வைரஸையும் தடுக்காது. அன்று கொடுத்திருந்தாலும் தடுத்திருக்காது. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் வாசலுக்கு ஓடிப்போய் நானே கைதட்டிக் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அவருக்கு என்னை நினைவில்லை. கழுதையை நிறுத்தி, பையிலிருந்து சங்கை எடுத்துத் துடைத்தார்.

"கொயந்தைய தூக்கினு வாம்மா. கறந்த சூட்டோட குடுக்கணும்."

திரும்பி வீட்டுக்குள் பார்த்தேன்.

"தூங்குறா" என்றேன்.

"தூங்கட்டும், எழுப்பாத. எய்ந்ததும் கூப்டும்மா. தெரு முனையாண்டதான் நிப்பேன்."

சரி என்று தலையாட்டினேன்.