மலைமேல் வைத்த காது

எங்கள் மாமாவுக்கு மலைமேல் ஒரு காது இருக்கிறது என்று வகுப்பில் சொன்னதற்காக டீச்சர் என்னை பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தினார். பொய் சொன்னேனாம். நான் பொய் சொல்லவில்லை. அந்தக் காதை வைத்த அன்று, போல்ட்டும் நட்டும் போட்ட பிஸ்கட் டின்னைச் சுமந்துகொண்டு மேலே ஏறியவள் நான்.

எழுபதுகளின் கடைசி அது. சூரியநெல்லிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். அப்பாவுக்கு பாக்டரியில் வேலை. அம்மாவின் அண்ணனான மாமா அதே பாக்டரியில் எலக்ட்ரீசியன். கல்யாணம் ஆகாதவர், சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில்தான். அப்பாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா, சாந்தன்பாறைக்கு அப்பால் ஒரு பெரிய பள்ளத்துக்குள் இருந்த ஏலத்தோட்டத்தில் கம்பவுண்டர். இந்த இரண்டு பேரையும் பிடித்திருந்தது ஒரே பைத்தியம். ரேடியோ. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, பேசுகிற ரேடியோ. பரீட்சை எழுதி, தந்திக்கட்டை தட்டிக் காட்டி, சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார்கள். "குடும்பத்துல ரெண்டு ஆம்பிளைங்க காத்தோட பேசிட்டுக் கெடக்காங்க, சொன்னா வெட்கக்கேடு" என்று அம்மா கோவிலில் மற்ற பெண்களிடம் சொல்வாள். சொல்லும்போது முகத்தில் வெட்கத்தைக் காணோம், பெருமைதான் இருக்கும்.

மலைக்குக் கீழே, போடிப் பக்கத்தில், இவர்களைப் போலவே லைசென்ஸ் வாங்கிய பெரிய மனிதர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் ஓர் உச்சியில் ரிப்பீட்டர் என்று ஒரு கருவியை வைத்திருந்தார்கள். யாராவது பேசினால் அதை வாங்கி, பலமாக எல்லோருக்கும் திருப்பிச் சொல்லும். மாமாவுடைய குரல் அதற்கு எட்டியது. சித்தப்பாவுக்குத்தான் கொடுப்பினை இல்லை. ரிப்பீட்டர் பேசுவதெல்லாம் பள்ளத்தில் அவருக்குக் கேட்கும். கையால் செய்த சின்ன செட்டில் அவர் பேசுவது மட்டும் அதற்குக் கேட்காது. "அதுக்கு வாய் பெருசு, காது மந்தம். நடுவுல இருக்க மலைமேல நாம இன்னொரு காது வைக்கப் போறோம்ட்டி" என்றார் மாமா. பள்ளத்துப் பேச்சை அந்தக் காது கேட்கும். கேட்டதை ரிப்பீட்டருக்கு அனுப்பும். அவ்வளவுதான் அதற்கு வேலை.

விளையாட்டுக்காக அதை வைக்கவில்லை. சித்தி அப்போது மாசமாக இருந்தாள். தலைப்பிரசவம் முறைப்படி திருநெல்வேலிப் பக்கம் அவளுடைய தாய்வீட்டில் நடந்துவிட்டது. இரண்டாவதற்கும் அங்கே போய் உட்காருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஆனால் அவளுக்கு நாள் நெருங்குவது சரியாக அடைமழைக் காலத்தில். மழை பிடித்தால் மரம் விழும், போன் கம்பி அறும், வாரக்கணக்கில் யாரும் சரிசெய்ய வரமாட்டார்கள். எங்கள் எஸ்டேட்டில் ஜீப் இருந்தது. அவசரம் என்றால் கேட்காமலே எடுத்துக்கொண்டு போ என்று மாமாவிடம் எஸ்டேட் துரை சொல்லியிருந்தார். ஜீப் வேண்டும் என்று பள்ளத்திலிருந்து சொல்லுவதற்குத்தான் வழி இல்லை.

"ஊர்க்கதை பேச எனக்கு இது வேண்டாம் அத்தான்" என்று சித்தப்பா ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "அவளுக்கு நோவு கண்டா நான் கூப்பிடுத சத்தம் ஒங்களுக்கு விழணும். அது போதும்."

"விழும் மாப்ள. நான் இருக்கேம்லா" என்றார் மாமா.

நடுவில் இருந்த அந்த மலைமேட்டின் உச்சியில், ஏலக்காய்க்குக் காவல் இருந்தவர்கள் போட்டுவிட்டுப் போன ஒரு குடிசை இருந்தது. அதைத்தான் மாமா பிடித்தார். பாக்டரியிலிருந்து ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரம் புகாமல் கருவியை அதற்குள் பூட்டினார். பழைய லாரி பேட்டரியைக் கம்பில் கட்டி இரண்டு ஆட்கள் தூக்கி வந்தார்கள். மூங்கிலில் ஒரு ஏரியல் பள்ளத்தைப் பார்த்து, இன்னொன்று போடியைப் பார்த்து. யானை வந்து முதுகு சொறிந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அதற்கும் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றார் மாமா. அன்றைக்கு அவர் இருந்த சந்தோஷத்துக்கு யானையே வந்திருந்தாலும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்திருப்பார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செட்டைப் போட்டோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, "அத்தான், கேக்கா? நான் பேசுதது கேக்கா?" என்று சித்தப்பாவின் குரல். அம்மா மீனை அடுப்பில் கருகவிட்டு ஓடிவந்தாள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மாமாவை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். அதைச் சொல்லாமல் மேலே சொன்னால் நியாயமாக இருக்காது.

பள்ளத்தில் கரண்ட் கிடையாது. சித்தப்பாவின் பேட்டரி தீர்ந்தால் ஏற்றிக்கொண்டு வர இரண்டு நாள் ஆகும். அதனால் இனி அவசரத்துக்கு மட்டும்தான் பேசுவது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

மழை வந்தது. மேட்டை ஒட்டிப் போன மின்கம்பிகள் ஈரத்தில் சிடுசிடுத்தன. அந்தச் சிடுசிடுப்பை எங்கள் காது யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து ஒழுங்காக ரிப்பீட்டருக்கு அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கூடிப் பேசுவது அவர்கள் வழக்கம். கோவிலுக்குப் போவதை விட்டாலும் மாமா அதை விடமாட்டார். காலேஜில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. அவர் பேச ஆரம்பித்தால் எங்கள் மேட்டிலிருந்து ஒரு பெரிய இரைச்சல் குறுக்கே வந்து விழும். அவர் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மாமாவின் காதுமடல் சிவந்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஒரு பாக்டரி எலக்ட்ரீசியனை அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிசமமாகப் பேசியது அந்த ஓரிடத்தில்தான். அங்கே போய் மானம் போனால் அவர் என்ன செய்வார்.

மறுநாள் மத்தியானம் என்னையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார். பெட்டியைத் திறந்து, சின்ன ஸ்குரூடிரைவரால் ஒரு திருகாணியைக் கொஞ்சம் இறுக்கினார். சிறு சத்தங்களுக்கு இனி இது கதவைத் திறக்காது, பலமாக வந்தால்தான் திறக்கும் என்றார். கையிலிருந்த தன்னுடைய செட்டில் பேசிப் பார்த்தார். கீழே இருந்து உடனே பதில் வந்தது, இப்போது சுத்தமாக இருக்கிறதென்று. சித்தப்பாவின் செட்டு அதில் கால்வாசி பலம்கூட இல்லாதது. அதை வைத்தல்லவா சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். அவருடைய பேட்டரியை வீணாக்க வேண்டாம் என்று நினைத்தாரோ, பாராட்டுக் கிடைத்த சந்தோஷத்தில் மறந்தாரோ. இறங்கும்போது விசிலடித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அமர்க்களமாக நடந்தது. ஓர் இரைச்சல் இல்லை. வாத்தியார் மாமாவைப் பாராட்டினார். மாமா ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அம்மாகூடக் கதவோரம் நின்று கேட்டாள்.

மறுநாள் ஏலத்தோட்டத்து ஆள் ஒருவர் மழையில் நடந்தே வந்து சேர்ந்தார். சித்திக்கு முந்தின நாள் சாயங்காலமே வலி கண்டுவிட்டது. இன்னும் நாள் இருக்கிறதென்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது. ஜீப் வரும் வரும் என்று பார்த்து, வராமல், கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். பூப்பாறையில் லாரி கிடைத்து ஆஸ்பத்திரி சேருவதற்குள் நேரம் கடந்துவிட்டது. சித்தி பிழைத்துக்கொண்டாள். ஆண் குழந்தை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மாமா அழவில்லை. குடையைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறிப் போய்விட்டு வந்தார். அன்றைக்கு என்னைக் கூப்பிடவில்லை.

குழந்தையின் அடக்கமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து சித்தப்பா தன் செட்டை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். சவரம் செய்யாத முகம். யாரையும் குறை சொல்ல வந்தவராக இல்லை.

"நீங்க எல்லாரும் பேசுனது கேட்டுச்சு அத்தான். நீங்க சிரிச்சது கேட்டுச்சு. எடையில எடையில நான் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன்" என்றார். பிறகு, "மேல பெட்டியில ஏதும் மாத்துனீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல மாப்ள. ஒண்ணும் மாத்தல" என்றார் மாமா.

ஒரு திருகாணியை இறுக்குவது மாற்றுவதில் சேராது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். பெரியவர்கள் கணக்கு வேறாக இருக்கும்.

"அப்ப என் செட்டுலதான் கோளாறு. பாத்து வைங்க" என்று சொல்லிவிட்டு சித்தப்பா போனார்.

மாமா அன்றைக்கே அதை மேசைமேல் வைத்துப் பேசிப் பார்த்தார். நான் அடுக்களையில் இருந்தேன். சோதிப்பதற்காக அங்கே கொண்டுபோய் வைத்திருந்த எங்கள் செட்டில் அவர் குரல் தெளிவாக வந்தது. "கேக்கு மாமா, நல்லா கேக்கு" என்று கத்தினேன்.  திரும்பிப் பார்த்தால், அவர் செட்டின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சால்டரிங் இரும்பைச் சூடாக்கி உள்ளே ஓர் இடத்தில் பழைய ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். நன்றாக ஓடுகிற ஒன்றையும் மாமா மேலும் நன்றாக ஆக்குகிறார் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் சித்தப்பா வந்தார். மாமா செட்டைத் திறந்து அந்த இடத்தைக் காட்டினார். "இதுதான் மாப்ள. இந்த ஜாயிண்ட் விட்டிருந்தது."

சித்தப்பா குனிந்து பார்த்தார். விரலால் அந்த இடத்தைத் தொட்டார். "நான் வச்சதுதான்" என்றார். "என் கையால வச்சது." அவருடைய தோள் குலுங்கியது. பெரிய ஆண்பிள்ளை இப்படி அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை. அவருடைய செட்டு நல்ல செட்டு, அவர் நன்றாகத்தான் செய்திருந்தார், அதை யாராவது அவரிடம் சொல்ல வேண்டாமா. மாமா சும்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதனால் நானே பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்தேன்.

"அழாதீங்க சித்தப்பா. மாமா தெறக்கிறதுக்கு முன்னாலயே அது நல்லாத்தான் பேசுச்சு. நான் கேட்டேன்."

சித்தப்பா அழுகையை நிறுத்தினார். மாமாவை நிமிர்ந்து பார்த்தார். மாமா தலையைத் தூக்கவில்லை. அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். சித்தப்பா அதைக் குடிக்கவில்லை. என் தலையில் ஒருமுறை கையை வைத்துவிட்டு, செட்டை அங்கேயே விட்டுவிட்டு, படியிறங்கிப் போனார். அதன்பிறகு மாமா இருக்கும்வரை அவர் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் என்றுதான் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தப்பாவும் அதை யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை.

அன்றைக்கு அவர் கேட் தாண்டிப் போவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதுகொண்டிருந்த சித்தப்பாவை நான்தான் சமாதானப்படுத்தி அனுப்பினேன் என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.