அரிசிக்குள் புதைத்த டேப்லெட்

பாபநாசம் பக்கத்தில் ஓடுகிற என் அரிசி ஆலை, அதன் பின்னால் இருக்கும் நெல் குடோன், இரண்டு அறுவடை இயந்திரம், மாடி வைத்த வீடு, ஊருக்குப் பொதுவாக நான் போட்டுக் கொடுத்த போர்வெல், இத்தனையும் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருவன் உண்டாக்கியவை. பதினான்கு வயதில் இன்னொருவர் ஆலையில் மூட்டை தூக்கினேன். அவித்த நெல்லைக் களத்தில் காலால் தள்ளித் தள்ளி உள்ளங்கால் வெந்திருக்கிறது. சொந்தமாக ஆலை வைக்கப் போகிறேன் என்று சொன்னபோது சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் எனக்குப் பழைய மோட்டார் கொடுத்தவர், இன்னொருத்தி என் மனைவி. முதல் வருஷமே மழை வெள்ளம், ஆலைக்குள் இடுப்பளவு தண்ணீர். எந்த மெக்கானிக்கும் எட்டிப் பார்க்கவில்லை. மோட்டாரை நானே பிரித்து, நானே காய வைத்து, நானே மாட்டி ஓட விட்டேன். பெருமைக்குச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

இதை நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பஸ் போர்டு படிப்பேன், சாக்கில் அச்சடித்திருப்பதைப் படிப்பேன். அவசரத்துக்குப் படிக்க வராது. இந்த அனுபவத்துக்கு அது முக்கியம் என்பதால் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன்.

நடந்தது போன தை மாதம், சம்பா அறுவடை சமயம், கும்பகோணத்திலிருந்து குத்தாலம் போகிற ரோட்டில். அதற்கு முந்தைய வருஷம் என் மனைவிக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை. மூச்சு விடுவது அதன் வழியாகத்தான், மூக்கும் வாயும் அதற்கு உதவாது. பேச்சு அடியோடு போய்விட்டது. ஆலையில் அத்தனை பேரையும் நான் அதட்டுவேன். வீட்டில் என்னை அதட்ட ஒருத்திதான் இருந்தாள். அந்தச் சத்தம் நின்றதும் வீடு மோட்டார் நின்ற ஆலை மாதிரி ஆகிவிட்டது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் ஒரு டேப்லெட் அனுப்பினான். என் மனைவி எட்டாவது படித்தவள். அதில் தமிழில் தட்டினால் அது வாய்விட்டுப் பேசும். ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி யாரோ ஒரு பெண் குரல். முதல் நாள் அந்தக் குரல் "என்னங்க, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டதும், யாரோ பெரிய உத்தியோகஸ்தர் அம்மா கேட்கிறார்கள் என்ற நினைப்பில் "போட்டாச்சுங்க" என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

டேப்லெட்டை வார் போட்டுக் கழுத்திலேயே மாட்டியிருப்பாள். இருமும்போது துளையிலிருந்து ஈரம் தெறித்து ஸ்பீக்கர் மேல் படும். ஒரு மாதத்திலேயே குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. ஈரம்தானே, இதற்கு ஒரு மெக்கானிக் வேண்டுமா என்று நினைத்தேன். முன்னொரு தடவை என் செல்போன் வாய்க்காலில் விழுந்தபோது அரிசிக்குள் போட்டு வைத்துத்தான் பிழைக்க வைத்தேன். அதையே இதற்கும் செய்தேன். மதியம் அவள் கண் அசரும் நேரத்தில் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போய் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பேன். அவள் எழுவதற்குள் எடுத்துத் துடைத்துப் பக்கத்தில் வைத்துவிடுவேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் சரி செய்வதில் ஒரு கெத்து.

எங்கள் வீட்டு அரிசி கடையில் வாங்குகிற பளபளப்பான அரிசி கிடையாது. என் ஆலையில் அரைத்து, தவிடு ஒட்டியபடியே டிரம்மில் கொட்டுகிற அரிசி. அதில் கையை விட்டால் முழங்கை வரை மாவு படியும். எனக்குத் தெரியாதா அது? தெரியும். ஆனாலும் அந்தத் தவிட்டையும் ஸ்பீக்கரையும் ஒன்றாகச் சேர்த்து யோசிக்கவில்லை.

ஒரு நாள் நன்றாகப் பேசும், பிறகு முன்னைவிட மோசமாகும். தஞ்சாவூரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாயிடம் கொடுப்போம். சுத்தம் செய்து தருவார். பத்து நாள் மணி மணியாகப் பேசும். மறுபடி மங்கும், மறுபடி நான் டிரம்முக்குள் வைப்பேன். இப்படி நாலு தடவை. நாலாவது தடவை நானும் மருமகளும் போயிருந்தோம். பாய் கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்.

"மொதலாளி, ஓட்டையெல்லாம் வெள்ளையா பசை மாதிரி அடைச்சுக்கெடக்கு. போன தடவையும் இதேதான். தெரியாமத்தான் கேக்குறேன், அரிசியில கிரிசியில போட்டு வெக்கிறீங்களா?"

"அரிசியப் பத்தி எனக்கே பாடம் எடுக்குறீங்களா பாய்? ஒங்களுக்கு ஸ்பீக்கர் போடத் தெரியலன்னு சொல்லுங்க, வேற கடைக்குப் போறோம்."

"போடத் தெரியாமயா நாலு தடவையும் அது பேசுச்சு?" என்று அவர் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. மருமகள் என் முகத்தையே பார்த்தாள். ஆமாம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் படி இறங்கிவிட்டேன். அதற்கு அடுத்த வாரமே மறுபடியும் டிரம்முக்குள் வைத்தேன். பாய் சொன்னதற்காக நிறுத்தினால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடுமே.

அந்தத் தை மாதத்தில் மனைவியின் அண்ணன் வீட்டில், குத்தாலத்தில், பேத்திக்குக் காதுகுத்து. மருமகள் பள்ளி விட்டதும் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. காலையில் நாங்கள் இருவரும் காரில் கிளம்பினோம். நான் ஓட்டினேன், அவள் பின் சீட்டில். மருமகள் ஒரு பையை முன் சீட்டில் வைத்தாள்.

"மாமா, சலைன் பாட்டில், இடுக்கி, பஞ்சு எல்லாம் இதுல இருக்கு. அத்தைக்கு சளி வறண்டு அடைச்சுக்கிச்சுன்னா நாலு சொட்டு விடணும். காட்டிக் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா, இருக்கு" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னேன்.

கும்பகோணம் தாண்டும் வரை பின்னாலிருந்து அந்தச் செய்தி வாசிக்கும் குரல், கம்மிப்போன தொனியில், "மெதுவா போங்க, மெதுவா போங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தது. ஆடுதுறை தாண்டியதும் கரகரவென்று ஏதோ இழுத்தது, பிறகு நின்றுவிட்டது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த அப்பாடாவையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். அறுவடைத் தூசி புகை மாதிரி பறந்தது. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டிருந்தேன். அந்த வறண்ட காற்று அவள் மூச்சுக்கு ஆகாது என்று எனக்குத் தோன்றவில்லை. பின்னால் ஒரு நெல் லாரி, விடாமல் ஹாரன். தோளில் ஒரு தட்டு விழுந்தது.

"மெதுவாத்தானே போறேன்? சும்மா தட்டாத."

மறுபடி தட்டினாள், இந்தத் தடவை பலமாக. முன் கண்ணாடியில் பார்த்தேன். டேப்லெட்டை உயர்த்திப் பிடித்திருந்தாள். பெரிய பெரிய எழுத்து, கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரிந்தது. நேராகத் தெரிந்தாலே எனக்குக் கூட்டிப் படிக்க நேரம் ஆகும். ஏதோ பூ வாங்க நிறுத்தச் சொல்கிறாள் என்று நினைத்து, "குத்தாலத்துல வாங்கிக்கலாம்" என்றேன். அப்படியே இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். எவ்வளவு தூரம் என்று இன்றைக்கும் அளந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் டேப்லெட்டாலேயே என் சீட்டின் முதுகில் படார் படார் என்று அடித்தாள். திரும்பிப் பார்த்தேன். அந்தக் கண்ணைப் படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. ஒதுங்க இடம் இல்லாததால் காய்ந்துகொண்டிருந்த நெல் மேலேயே வண்டியை ஏற்றி நிறுத்தினேன். டேப்லெட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். மூ. ச். சு. மூன்று எழுத்தைக் கூட்டுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

உதடு கறுத்துக்கொண்டு வந்தது. கழுத்துத் துளையை மூடியிருந்த ஈரத் துணி சருகாகக் காய்ந்திருந்தது, அதைக் கிழித்து எறிந்திருந்தாள். துளையிலிருந்து ஊசி முனையளவு விசில் சத்தம். வழக்கமாகக் கண்ணாடி பார்த்து அவளே சுத்தம் செய்துகொள்வாள். இப்போது அவளால் அது முடியவில்லை. பின் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டேன். பாட்டில் மூடி சுற்றிச் சுற்றி வருகிறது, திறக்கவில்லை. பல்லால் கடித்துத் திறந்தேன். எத்தனை சொட்டு என்பது மறந்துபோனது. அவள் நாலு விரலைக் காட்டினாள். மூச்சு இல்லாத அந்த நேரத்திலும் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

விட்டேன். இருமினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி விட்டேன். அதற்குள் நெல் கிளறிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். ஒரு அம்மா குடத்தோடு வந்தாள்.

"மயக்கமா? தள்ளுங்க, மூஞ்சில தண்ணி அடிக்கிறேன்!"

கையில் தண்ணீரை அள்ளிவிட்டாள். மூஞ்சியில் அடிக்கிற தண்ணீர் கழுத்துக்கு வராமல் எங்கே போகும்? துளைக்குள் போனால் நேராக நுரையீரல். அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டேன்.

"அடிக்காதம்மா! தண்ணி உள்ள போனா செத்துருவா!"

"நல்லதுக்கு வந்தா கையப் புடிச்சு முறுக்குறாரே இந்த ஆளு!" என்று அவள் கத்தினாள். பிறகுதான் கழுத்துத் துளையைப் பார்த்தாள். குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது தடவை நாலு சொட்டு. நெஞ்சு தூக்கிப் போடுகிற மாதிரி ஒரு இருமல். துளையின் ஓரத்தில் ஏதோ எட்டிப் பார்த்தது. இடுக்கியால் பிடித்தேன், வழுக்கியது. மறுபடி பிடித்து மெதுவாக இழுத்தேன். காய்ந்த கஞ்சி ஆடை மாதிரி ஒரு கட்டி வந்தது. உடனே 'ஹா' என்று காற்று உள்ளே போயிற்று. அந்தச் சத்தத்துக்கு முன்னால் நான் வாழ்நாளில் கேட்ட மற்ற சத்தமெல்லாம் ஒன்றுமே இல்லை. அவள் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். நானும் அவள் கூடவே விட்டேன்.

நெல் மேல் வண்டியை ஏற்றியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நெல்லு கெடக்குது, கூட்டி அள்ளிக்கலாம். மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வண்டியத் திருப்புங்க" என்று அதட்டினாள் குடம் கொண்டுவந்த அம்மா. முறுக்கிய கையை அவள் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

கும்பகோணத்தில் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு இனி பயமில்லை என்றார்கள். மருமகள் பள்ளியிலிருந்து நேராக ஓடி வந்தாள். வந்ததும் டேப்லெட்டை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை. மேல் உறையைக் கழற்றி உதறினாள். கட்டில் விரிப்பில் மூன்று அரிசியும் ஒரு சிட்டிகை தவிடும் விழுந்தன.

மருமகள் என்னைப் பார்த்தாள். என் மனைவியும் பார்த்தாள்.

"நான்தான் போட்டேன்" என்றேன். "ஈரம் போகட்டும்னு."

"பாய் கேட்டாரே மாமா. அப்பவுமா?"

"அப்புறமும் போட்டேன்."

என் மனைவி, அதே பேசுகிற ஆப் இருந்த மருமகளின் செல்போனை வாங்கித் தட்டினாள். அதே செய்தி வாசிக்கும் குரல், இப்போது கணீரென்று, வார்டுக்கே கேட்கும்படி சொன்னது: "நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான் அரிசியில பொதச்சீங்களாக்கும்."

நர்ஸ் சிரித்துவிட்டார். என் மனைவியும் தோள் குலுங்கினாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வராண்டாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்றேன்.

அடுத்த நாளே பாய் கடைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அரிசி நல்ல அரிசிதான் மொதலாளி. ஸ்பீக்கருக்குத்தான் ஆகல" என்றார். புது ஸ்பீக்கர் போட்டு, மேலே மெல்லிய வலை ஒட்டி, ஸ்பீக்கர் கழுத்துப் பக்கம் வராதபடி டேப்லெட்டைத் தலைகீழாக மாட்டச் சொன்னார். இன்றுவரை கெடவில்லை. நான் என் பங்குக்கு என் மனைவி மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு சைக்கிள் பெல் செய்து கொடுத்தேன். பேட்டரி வேண்டாம், எதுவும் வேண்டாம். அந்தப் பெல் அடித்தால் எங்கே இருந்தாலும் ஓடுவேன். மருமகள் எழுதிக் கொடுத்து இருபது வார்த்தைகளைப் பார்த்த உடனே சொல்லப் பழகியிருக்கிறேன். கண்ணாடியில் மாறித் தெரிந்தாலும் சொல்வேன்.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். இவளைப் போல ஆபரேஷன் ஆனவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. மருமகள் இந்தச் சம்பவத்தை அதில் எழுதினாள். "டேப்லெட் ஸ்பீக்கர் திடீரெனப் பழுதானதால் அத்தை ஆபத்தில் சிக்கினார், தெய்வாதீனமாகத் தப்பினார்" என்று வாசித்துக் காட்டினாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. திடீரென்று எங்கே பழுதானது? நான் எங்கே அதில்? உங்க மரியாதைக்காகத்தான் விட்டேன் மாமா என்றாள். எனக்கு அந்த மரியாதை வேண்டாம். துளைக்குள் சொட்டு விட்டதும், இடுக்கியால் அந்தக் கட்டியை இழுத்ததும், குடத்துத் தண்ணீரைத் தடுத்ததும் இந்தக் கைதான். அதை எழுத வேண்டும். அவள் குரலை மாதக்கணக்கில் தவிடு வைத்து அடைத்ததும், கேட்டவரிடம் வாயை மூடிக்கொண்டதும் நான்தான், அதையும் அதே பெரிய எழுத்தில் எழுத வேண்டும். பாதியைத் தெய்வத்துக்கும் பாதியை மிஷினுக்கும் கொடுத்துவிட்டு என்னை நடுவில் காணாமல் போக்கக் கூடாது. அன்றைக்கு அந்த ரோட்டில் நடந்ததில் கெட்டதும் நல்லதும் முழுசாக என்னுடையவை, ஒரு வரி குறையாமல் அவை எனக்கு வந்து சேர வேண்டும்.