ஒரே செம்பில் இரண்டு மருந்து

இணுவிலில் பராசக்தி என்றொரு பெண் இருந்தாள். சம்மதம் சொல்லும் "ஓம்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டே முப்பத்தொரு வயது வரைக்கும் சீவியத்தை ஓட்டியவள். கலியாணம் பேசி வந்தபோது ஓம் என்றாள். மலாயாவில் ரெயில்வே வேலை கிடைத்த புருசன், "நீ இஞ்சை இருந்து அப்புவைப் பார்" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறியபோதும் ஓம் என்றாள். அவளுக்கென்று ஒரு விருப்பம் இருந்ததா என்றால், நல்ல கேள்விதான், அதைக் கேட்க அந்த வீட்டில் யாருக்கு நேரம் இருந்தது!

அப்பு என்று புருசன் சொன்னது அவளுடைய மாமனாரை. முத்துக்குமாருப் பரியாரியார் என்றால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். பல்வலி, வாய்ப்புண், பல்லைப் பிடித்திருக்கும் முரசில் வீக்கம் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு வருகிறவர்கள் எல்லாம் அவருடைய வாசலுக்குத்தான் வருவார்கள். ஆலம்பட்டை, கருவேலம்பட்டை, கடுக்காய் மூன்றையும் இடித்துப்போட்டு வற்றக் காய்ச்சிய குடிநீர் அவருடைய கைராசி. பெயர்தான் குடிநீர்; குடிப்பதற்கல்ல, வாய் கொப்பளிப்பதற்கு. அடுப்பிலிருந்து இறக்கும்போது ஊர்க் கோயில் கந்தசாமியாரை நினைத்து ஏதோ முணுமுணுப்பார். அப்படி இறக்கியதைச் சும்மா நிலத்தில் ஊற்றக்கூடாது, ஊற்றினவரிடமே நோய் திரும்பும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

அந்த வீட்டு மருமகளுக்கே பல்லில் வருத்தம் வந்தால் எப்படியிருக்கும்? வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு ஆவணியில் கீழ்க் கடைவாய்ப்பல் குத்தத் தொடங்கியது. மாமனார் குடிநீர் கொடுத்தார், பற்றுப் போட்டார். வீக்கம் கழுத்து வரைக்கும் இறங்கி, கஞ்சி குடிக்கவும் வாய் திறக்கவில்லை. செய்தி வட்டுக்கோட்டைக்குப் போனது. அங்கே கல்லூரியில் ஆங்கிலம் படிப்பிக்கிற அவளுடைய அண்ணன் சண்முகநாதன், பரியாரியார் ஒரு நோயாளி வீட்டுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வாடகைக் காரோடு வந்து, அவளை மிசன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளைக்கார டொக்டரம்மா முரசைக் கீறி, உடைந்துபோயிருந்த பல்லை வேரோடு எடுத்தார். "காயம் எலும்பு வரைக்கும் போயிருக்கிறது. சுத்தமாக வைத்திருக்காவிட்டால் நஞ்சு எலும்பில் பிடிக்கும். பிடித்தால் தாடையில் ஒரு துண்டு வெட்ட வேண்டி வரும்" என்று சொன்னார். பராசக்தி கையால் தாடையைத் தடவிப் பார்த்தாள். பாதி முகத்தோடு எப்படி வாசல் படலை தாண்டிப் போவது என்ற பயம் அன்றைக்கே அவளுக்குள் குடியேறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் போத்தலில் கொண்டீஸ் கொடுத்தார்கள். கருமையான பளிங்குத் துகள். ஒரு சிட்டிகை தண்ணீரில் போட்டால் கத்தரிப்பூ நிறமாகும். அதில்தான் வாய் கொப்பளிக்க வேண்டும்.

காரில் வரும்போது அண்ணன் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, உந்தக் கிழவன்ரை பட்டைத் தண்ணி இனி வாயிலை படக்கூடாது. அம்மாவாணைச் சொல்லு."

அம்மா செத்து ஒரு வருசமும் ஆகவில்லை. "ஓம் அண்ணை" என்றாள்.

மாமனார் படலையடியில் நின்றார். ஏசியிருந்தாலும் பரவாயில்லை, மனிதர் ஏசவில்லை. நேரே போய் அடுப்பை மூட்டினார். பின்னேரம் சட்டியோடு வந்து குசினி வாசலில் நின்றார்.

"பிள்ளை, என்ரை மருமகளே வெள்ளைக்காரன்ரை சாயத்தண்ணியிலை வாய் கொப்பளிச்சால், நாளைக்கு ஆர் என்ரை வாசல் மிதிப்பினம்? கந்தசாமியாரிலை சத்தியம் பண்ணு, இதைத் தவிர ஒண்டும் வாயிலை வைக்கமாட்டன் எண்டு."

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் சொல்லவும் வேண்டுமா? "ஓம் மாமா."

ஒரே நாளில், ஒரே வாயால், இரண்டு சத்தியம்! இனி எந்தப் பக்கம் திரும்புவது? குடிநீரை ஒளித்து ஊற்றலாம் என்றால் வீட்டுச் சட்டம் குறுக்கே நின்றது, அவள் அதை மெய்யாகவே நம்பினாள். சட்டி வெறுமையாகிறதா என்று மாமனார் வேறு எட்டிப் பார்ப்பார். கொண்டீஸைக் கைவிடலாம் என்றால் சனிக்கிழமை தோறும் அண்ணன் வந்து போத்தலை வெளிச்சத்தில் பிடித்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார். கள்ளமாகக் கொப்பளிக்கலாம் என்றால் துப்பிய இடம் காட்டிக் கொடுக்கும். தேசிமரத்தடி வெள்ளை மணலில் ஊதாக் கறை விழுந்தால் கிழவருடைய கண்ணுக்குத் தப்புமா? குசினிக்கும் கிணற்றடிக்கும் இடையில், வீங்கிய கன்னத்தோடு அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை கிணற்றடியில் செம்புத் தண்ணீரில் கொண்டீஸைக் கரைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் மாமனாருடைய மிதியடிச் சத்தம் கேட்டது. பதறிப்போய்ப் பக்கத்தில் வைத்திருந்த குடிநீரை அதற்குள்ளேயே ஊற்றிவிட்டாள். என்ன ஆச்சரியம்! கண் மூடித் திறப்பதற்குள் ஊதா நிறம் போன இடம் தெரியவில்லை. செம்பு நிறைய மண்ணிறத் தண்ணீர், பார்த்தால் அசல் குடிநீர்தான்.

மாமனார் எட்டிப் பார்த்தார். "ம்ம். நல்லாக் கொப்பளி பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பராசக்திக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒரு மருந்தையும் தள்ளவில்லை, இரண்டும் வாயில் பட்டது, மணலிலும் கறையில்லை. இரண்டு சத்தியத்திலும் பாதி பாதியாவது காப்பாற்றியதாக அவள் கணக்கு. கந்தசாமியாரே கண் திறந்து வழி காட்டினார் என்று கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். அன்று தொடக்கம் காலையும் மாலையும் அதே கலவைதான். ஆஸ்பத்திரியில் முதன்முதல் கொப்பளித்தபோது எரிந்ததுபோல வாய் எரியவுமில்லை. அதையும் நல்ல குறியென்று எடுத்துக்கொண்டாள், பாவி.

இரண்டாம் வாரம் வாய் நாறத் தொடங்கியது. பிறகு காய்ச்சல், பிறகு தாடைக்குக் கீழே கல் மாதிரி ஒரு வீக்கம். அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் படலையில் நின்று கத்தினார்.

"உங்கடை பட்டைத் தண்ணி குடுத்து என்ரை சகோதரியைக் கொல்லப்பாக்கிறியள்!"

"நான் குடுத்தது மருந்து. நீர் கொண்டுபோய் வெட்டிவிச்சதுதான் வினை!" என்று பரியாரியாரும் விடவில்லை.

இரண்டு பேருக்கும் நடுவில் நின்றவளிடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. அவளாகச் சொல்லலாமே என்பீர்கள். சொன்னால் அம்மாவாணையும் போச்சு, கந்தசாமியார் சத்தியமும் போச்சு. வாயை மூடிக்கொண்டு நின்றாள், உள்ளே காயம் அழுகிக்கொண்டிருந்தது.

மறுபடியும் வாடகைக் கார் வந்தது. இந்த முறை பரியாரியாரும் ஏறினார். குடிநீர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு துளி சிந்தாமல், மிசன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார் மனிதர்.

டொக்டரம்மா காயத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கூட நின்ற நேர்ஸ் யசிந்தா, யாருக்கும் பயப்படாத வாய்க்காரி, கேட்டாள்: "அக்கா, என்னத்திலை கொப்பளிச்சனீங்கள்?"

"கொண்டீஸ்!" என்றார் அண்ணன்.

"குடிநீர்!" என்றார் மாமனார்.

"நான் உங்களையோ கேட்டனான்? அவவின்ரை வாயெல்லோ!" என்று யசிந்தா இரண்டு பேரையும் ஒரு முறை முறைத்தாள். பிறகு பராசக்தியின் பக்கம் குனிந்தாள். "அக்கா, மறைக்காமல் சொல்லுங்கோ. ஒழுங்காக் கழுவியும் உப்பிடிப் பழுத்திருந்தால் நஞ்சு எலும்பிலை இறங்கியிட்டுது எண்டு அர்த்தம், தாடையை வெட்டவேணும். கழுவுப்படாமல் பழுத்தது எண்டால் உள்ளுக்குக் கட்டின சிதளை எடுத்துப்போட்டுப் பொறுத்துப் பாக்கலாம்."

பராசக்தி அண்ணனைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள். பிறகு மேசையில் வரிசையாகக் கிடந்த கத்திகளைப் பார்த்தாள்.

"ரெண்டும்தான்" என்றாள், பல்லைக் கடித்தபடியே. "ஒரே செம்பிலை கலந்து."

யசிந்தா கண்ணாடிக் குவளையில் கொண்டீஸைக் கரைத்து, பரியாரியாருடைய மடியிலிருந்த சட்டியிலிருந்து ஒரு அகப்பை எடுத்து ஊற்றினாள். ஊதா நிறம் எல்லாருடைய கண் முன்னாலும் செத்தது. "பாத்தீங்களோ? ஒண்டை ஒண்டு திண்டு முடிச்சிட்டுது. இவ்வளவு நாளும் இவ கொப்பளிச்சது வெறும் சேத்துத் தண்ணி" என்றாள்.

"ஏன் பிள்ளை என்னட்டைச் சொல்லேல்லை?" என்றார் மாமனார்.

"என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே!" என்றார் அண்ணன்.

"ஆர் கேட்டனீங்கள்?" என்றாள் பராசக்தி. அவ்வளவுதான்.

கீறிச் சீழாய் வடிந்த சிதளை எடுத்தார்கள். நல்ல காலம், எலும்பில் நஞ்சு பிடிக்கவில்லை. கன்னத்தில் ஒரு குழியோடு தாடை தப்பியது. காயம் ஆறும்வரை இளஞ்சூட்டில் உப்புத்தண்ணீர் போதுமென்று ஒரு தகரப் பேணியில் கொடுத்துவிட்டு யசிந்தா போனாள்.

அவள் தேறுகிறாள் என்று தெரிந்ததும் இரண்டு ஆம்பிளைகளும் விறாந்தையில் நின்று வெகுநேரம் கதைத்தார்கள். அண்ணன் தலையாட்டினார், மாமனார் தலையாட்டினார். பிறகு சேர்ந்தே கட்டிலடிக்கு வந்தார்கள், பெரிய வழக்கொன்றைத் தீர்த்துவிட்டவர்கள் மாதிரி.

"தங்கச்சி, பிரச்சினை முடிஞ்சுது" என்றார் அண்ணன். "வீட்டை போனாப்பிறகு காலமை கொண்டீஸ்."

"பின்னேரம் குடிநீர். கலக்கக்கூடாது, அவ்வளவுதான்" என்றார் மாமனார். "சரிதானே பிள்ளை? ஓம் எண்டு சொல்லு."

பராசக்தி பேணியை எடுத்து வாய் நிறைய உப்புத்தண்ணீரை வாங்கிக்கொண்டாள். இரண்டு கன்னமும் உப்பியது. புண்ணில் உப்புச் சுரீரென்று ஏற, கண்ணில் தண்ணீர் வந்தது. துப்பவில்லை. அவர்கள் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். வாயிலிருந்த சூடு ஆறிப்போனது, கடைசியில் அவர்களும் களைத்து வெளியே போனார்கள்.

முப்பத்தொரு வருசத்தில் முதல் தடவையாகப் பராசக்தி ஓம் சொல்லவில்லை. அதற்கும் அவள் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கவேண்டியிருந்தது.