கழுவிக் காயவைத்த செல்போன்

எங்கள் பஞ்சாயத்தில் வீடு வீடாகப் போய்ப் பிளாஸ்டிக் வாங்கும் பெண்களில் நானும் ஒருத்தி. "எதைக் கொடுத்தாலும் கழுவிக் காயவெச்சுக் குடுங்க" என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டுவிட்டது. எங்கள் வடகரப்பதிப் பக்கத்து ஆட்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். ஒரு வீட்டில் பழைய செல்போனையும் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் உலர்த்தி, பால் கவர்களோடு கொடுத்துவிட்டார்கள்.

பேட்டரி உப்பிப்போன போன் அது. வாங்கியதைச் சேர்த்துவைக்கும் ஷெட்டில் என்னோடு வேலை செய்யும் அக்கா, சாக்கில் இடம் பண்ணுவதற்காகக் கையை உள்ளே விட்டு அழுத்தினாள். புஸ்ஸென்று ஒரு சத்தம், புகை, உடனே தீ. வலது கை வெந்துபோனது. விரல்கள் இன்னும் மடங்கவில்லை. சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிடுகிறாள். வீட்டுக்காரர்கள் ஆசைக்குப் புதுப் போன் வாங்குவார்களாம், பழையது இவள் கையில் வெடிக்குமாம்!

மறு வாரமே மணல் நிரப்பிய பக்கெட்டோடு கிளம்பினேன். போனைக் கழுவாதீர்கள், இதில் போடுங்கள் என்றேன். ஒருத்தர் எரிச்சலில் தன் போனை வாய்க்காலில் எறிந்தார். அவர் தென்னைக்குப் பாய்வதும் அதே தண்ணீர்தான்.

சேர்ந்த போன்களை எடுத்துப்போகத் தனி வண்டி வேண்டும் என்று பஞ்சாயத்தில் கேட்டோம். வார்டு மெம்பர் ஷெட்டுக்கு வந்தார். "ஏனுங்க, போனுக்குன்னு தனி வண்டிக்கு எங்கீங்க போறது? சாக்குலயே போட்டு அனுப்பீருங்க."

"அப்ப சாக்கை நீங்களே அமுக்குங்க. தனி வண்டி வர்ற வரைக்கும் நாங்க ஒரு சாக்கும் தூக்க மாட்டமுங்க" என்றேன்.

சாக்குகள் கூரை வரை ஏறின. வேலை போய்விடும் என்று என் வீட்டுக்காரர் பயந்தார். போனால் போகட்டும். அக்காவுக்கு இன்னொரு கையும் போகக் கூடாது.

கடைசியில் மணல் பக்கெட்டோடு அக்காவையும் கூட்டிக்கொண்டு மெம்பர் வீட்டுக்கே போய், பழைய போன் இருந்தால் கொடுங்கள் என்றேன். அவர் உள்ளே போய்ப் பழைய போன் ஒன்றை எடுத்து வந்தார். பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்திருந்தது. இரண்டு விரலால் பிடித்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. பக்கெட்டைத் தரையில் வைத்தேன்.

"நீங்களே போடுங்க."

குனிந்தவர் அக்காவின் கையைப் பார்த்தார். போன் மணலில் விழும் வரைக்கும் அவர் மூச்சே விடவில்லை. நிமிர்ந்து, "நாளைக்குத் தனி வண்டிக்குச் சொல்லீறனுங்க" என்றார்.

"இன்னைக்கே சொல்லுங்க" என்றாள் அக்கா.