வேலி கட்டிய சனிக்கிழமை

கோட்டாற்றில் எங்கள் தெருவில் அப்போது மதில் வைத்த வீடுகள் குறைவு. மற்றதெல்லாம் வேலிதான். எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே முள்முருங்கையும் செம்பருத்தியும் ஆடாதொடையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. இப்போது போய்ப் பார்த்தால் ஒரு பச்சை இலை கிடையாது, முழுக்க சிமெண்ட் கல். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஐப்பசி மழை பிடிக்கும் முன்னே வேலியைச் சீராக்கிவிட வேண்டும். குறுக்கே கம்புகள் வைத்து, ஊறப்போட்ட பனைநாரால் கட்டுவார்கள். அது ஒற்றை ஆள் வேலை இல்லை. இந்தப் பக்கம் நிற்பவர் நாரை நுழைக்க, அந்தப் பக்கம் நிற்பவர் இழுத்து இறுக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் இங்கே அப்பா, அங்கே அடுத்த வீட்டு மாமா.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மாமா தன் மூத்த மகளின் நிச்சயத்துக்கு, வேலிக்கு மேலே தலையை நீட்டி, "நாளைக்கு வந்திரும் ஓய்" என்று சொல்லியிருக்கிறார். வாசல் வழியாக வந்து முறையாக அழைக்கவில்லை. "வேலிக்கு மேல நின்னு கூப்பிட நான் என்ன கோழியா?" என்று அப்பா போகாமல் இருந்துவிட்டார். இத்தனை பழகியவர் வரவில்லையே என்று மாமாவுக்குக் கோபம். இரண்டு பேருக்கும் வீம்பில் ஒரு குறைவும் இல்லை.

"இந்தச் சனிக்கிழமை வேலி கெட்டி முடியணும். இல்லன்னா கொத்தனாரக் கூப்பிட்டு மதிலு வச்சிருவேன்" என்று மாமா அத்தையிடம் சொன்னது எங்கள் அடுக்களை வரைக்கும் கேட்டது. மாமாவின் இளைய மகள் என் வகுப்புதான். எத்தனை கட்டினாலும் எங்கள் உடம்புக்கு அளவாக வேலியில் ஒரு சந்து மிஞ்சும். மதில் வந்தால் அது போச்சு. பேச்சில்லாத வீட்டு வாசலில் போய் நின்று தோழியைக் கூப்பிட என்னை யார் விடுவார்கள்?

சனிக்கிழமை அப்பாவும் மாமாவும் வேலிக்கு வந்தார்கள். ஆனால் வாய் திறக்கவில்லை. "இழுக்கச் சொல்லு மக்கா" என்று அப்பா என்னிடம் சொல்வார். நான், "இழுக்கச் சொல்லுதாவ" என்பேன். அந்தப் பக்கம் நிற்கும் என் தோழி திரும்பித் தன் அப்பாவிடம் அதையே சொல்வாள். ஒரு முழத் தூரத்தில் எல்லாம் காதில் விழ நின்ற மாமா அதன் பிறகுதான் இழுப்பார். அம்மாவும் அத்தையும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இன்னும் மூன்று கட்டு பாக்கி இருந்தபோது வந்தது வினை. "கொஞ்சம் தளத்திப் பிடிக்கச் சொல்லு" என்றார் அப்பா. நானும் அப்படியே சொன்னேன். அவள் தன் அப்பாவிடம், "ஒங்களுக்குப் பிடிக்கவே தெரியலியாம்" என்றாள்.

"பொய்க்காரி! எங்கப்பா அப்படியா சொன்னாவ?"

"நீதான் பொய்க்காரி. இனி எங்கிட்டப் பேசாத."

அவ்வளவுதான். இருவரும் வாயை மூடிக்கொண்டோம். அப்பா சொன்னதை நான் சொல்லவில்லை, மாமா சொன்னதை அவள் சொல்லவில்லை. நார் பாதியில் தொங்கியது. மதில் வந்துவிடுமே என்று பயம். இருந்தாலும் ரோஷம் விடவில்லை.

அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அடுத்த வீட்டுப் பிள்ளகிட்டப் பேசாம இருக்கது என்ன பழக்கம்?" என்று என்னைச் சத்தம் போட்டார்.

"அதானே! இத்தினிக்காணும் இருந்துக்கிட்டு என்ன வைராக்கியம்!" என்றது அந்தப் பக்கத்திலிருந்து மாமாவின் குரல்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

"நாரு காஞ்சா ஒடிஞ்சிரும் ஓய். குடும் இங்க" என்றார் மாமா. அப்பா சிரித்துவிட்டார். இரண்டு கட்டு முடிந்ததும், ஒரு சாயா குடித்துவிட்டு வருவோம் என்று இருவரும் தெருப்பக்கம் போய்விட்டார்கள். அடிக்கம்பில் ஒரு கட்டு பாக்கி.

எனக்கு அந்தச் சமாதானத்தில் நம்பிக்கை இல்லை. சாயாக்கடையில் மறுபடி முட்டிக்கொண்டால்? குத்தவைத்து உட்கார்ந்து, மிச்ச நாரை எடுத்து இலைகளுக்குள் நுழைத்தேன். அந்தப் பக்கம் அவள் கால் தெரிந்தது. நாரை யாரும் வாங்கவில்லை. முனையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நார் லேசாக அசைந்தது.

"முனைய விடுட்டி. நான் இறுக்கண்டாமா?" என்றாள்.