மல்லாட்டை வாரத்து வருகைப்பதிவு

“ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல எப்பிடிப்பா இருந்த நீ?”

விழுப்புரத்தில் ஒரு தனியார்க் கல்லூரியின் அலுவலகம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கிளார்க் இப்படிக் கேட்டார். கேட்கப்பட்டவன் தேவா, வேதியியல் இரண்டாம் ஆண்டு. கக்கத்தில் ஊன்றுகோலும் காலில் மாவுக்கட்டுமாக நின்றான். அவன் அம்மா முனியம்மாள் எக்ஸ்ரே படத்தை உறையிலிருந்து எடுத்துக் கிளார்க்கின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஏழு வாரம் வராதவன், மருத்துவச் சான்றிதழ் கொடுத்து விலக்கு கேட்டிருந்தான். விலக்கு கிடைத்தால்தான் தேர்வுக்கு ஹால் டிக்கெட். ஏழு வாரத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு அரசு மருத்துவமனையில் சேர்த்ததாகச் சான்றிதழ் சொன்னது. அந்தச் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவன் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டதாகக் கல்லூரிப் பதிவேடு சொன்னது.

“சர்டிபிகேட்டே டூப்ளிகேட்டுன்னுதான் பிரின்சிபால் நெனைப்பாரு. நான் இன்னா பண்றது? வியாழக்கிழமைக்குள்ள எதாச்சும் தெளிவா கொண்டாங்க. அப்பறம் லிஸ்ட் போயிடும்.”

“எம்புள்ள ரோட்டுல கெடந்தான் சார்” என்றார் முனியம்மாள்.

அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்த கலைப்பிரியா, கையிலிருந்த படிவத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வந்த வேலை மறந்து போயிற்று. அந்த மூன்று நாள் வருகையைப் போட வைத்தவள் அவள்தான்.

கலைப்பிரியாவுக்குச் சும்மா இருக்க வராது. அவளைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ஒலக்கூருக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கும் துரைக்கண்ணுவின் மூத்த பெண். காலை ஆறே காலுக்கு டவுன் பஸ், திண்டிவனத்தில் இறங்கி ஓட்டமாக ஓடி விழுப்புரம் வண்டி. அடித்துப்பிடித்து இடம் பிடிப்பாள். பிடித்த இடத்தைப் பத்து நிமிடத்தில் யாருக்காவது கொடுத்துவிட்டு எழுந்து நிற்பாள். முதலாண்டில் “யார் க்ளாஸ் ரெப்?” என்று கேட்டபோது மற்ற முப்பத்தெட்டுப் பேரும் தரையில் எதையோ தேட, இவள் கையைத் தூக்கினாள். அன்றிலிருந்து யாருக்கு என்ன தலைவலி என்றாலும் மாத்திரை இவளிடம்தான்.

துறைத்தலைவர் கிருஷ்ணவேணி மேடத்துக்குத் தினமும் பதிவேட்டைத் திறப்பது பெரிய பேஜாரு. அதனால் ரெப் ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மேடம் கீழே கையெழுத்துப் போடுவார். இந்த வசதியில் பிறந்ததுதான் மல்லாட்டை வாரம்.

வகுப்பில் பாதிப் பேர் நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் பருவத்தில் ஆள் கிடைக்காது, பிள்ளைகள்தான் இறங்க வேண்டும். அப்படி நிலத்தில், கொல்லையில் நிற்கிறவனுக்கு ரெப் வகுப்பில் வருகை போட்டுவிடுவார். திரும்பி வரும்போது அவன் ஒரு பை நிறைய அவித்த மல்லாட்டை கொண்டுவந்து வகுப்புக்குக் கொடுக்க வேண்டும். சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன ஏற்பாடு இது. அந்த மல்லாட்டையை மேடமும் சாப்பிட்டிருக்கிறார். எங்கே விளைந்தது என்று கேட்டாரே தவிர, எப்போது பிடுங்கியது என்று கேட்டதில்லை.

“அடுத்த வாரம் எங்க கொல்லில மல்லாட்டை” என்று தேவா சொல்லி வைத்திருந்தான். செவ்வாய்க்கிழமை அவனைக் காணோம். சொன்ன வேலைக்குப் போய்விட்டான் என்று இவள் நினைத்துக்கொண்டாள். அவனோ அன்று கல்லூரிக்கு வந்து முகம் காட்டிவிட்டு அப்புறம் கொல்லைக்குப் போகலாமென்று கிளம்பி, கோலியனூர் கூட்டுரோட்டில் வேன் இடித்து, கால் முறிந்து, போன் நொறுங்கிக் கிடந்தான். இவள் பேனாவை எடுத்தாள், அவனுக்கு வருகை போட்டாள்.

அன்று மாலை அவள் கல்லூரியை விட்டுக் கிளம்புவதற்குள் துரைக்கண்ணு போன் செய்தார். “ரெண்டு ஆளு வரலேன்னுட்டாங்க பாப்பா. மானம் வேற மூடிக்கினு இருக்குது. ரெண்டு நாளு கொல்லைக்கு வந்துட்டுப் போயேன்.” போனாள். நோட்டைத் தோழி பவானியிடம் கொடுத்து, “தேவாவுக்கும் எனக்கும் போட்டுடு” என்றாள். புதன், வியாழன் இரண்டு நாளும் வகுப்பில் இல்லாத இரண்டு பேர் வகுப்பில் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மல்லாட்டைப் பையோடு வந்த பிறகுதான் விபத்துச் செய்தி தெரிந்தது. பதறிப்போய் மறுநாளே மருத்துவமனைக்கு ஓடினாள். “மூணு நாளு போட்டுட்டேன் தேவா, நீ கவலப்படாத” என்று வேறு பெருமையாகச் சொன்னாள். அவனும் வலியோடு சிரித்து, தேங்க்ஸ் என்றான். நல்லது செய்த நிம்மதியில் திரும்பினாள், பைத்தியக்காரி.

இப்போது அந்த மூன்று நாள்தான் அவன் கழுத்தைப் பிடிக்கிறது.

அலுவலகத்திலிருந்து வந்தவளுக்கு எங்கேயும் நிலைகொள்ளவில்லை. லேபுக்குப் போனாள், பியூரெட்டில் எதை ஊற்றினோம் என்று மறந்து இரண்டு தடவை கொட்டினாள். தண்ணீர் குடித்தாள். வராண்டாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். பவானி அவளைப் படிக்கட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனாள்.

“போயி சொல்லப்போறியாடி?”

“சொல்லாம? அவன் சர்டிபிகேட்ட பொய்யின்றாங்க.”

“நீ சொன்னா மொத்த க்ளாஸும் மாட்டிக்கும். யாராரு எத்தினி நாளுன்னு தோண்டுவாங்க. நான் வேற ரெண்டு நாளு என் கையால போட்டிருக்கேன்.”

“உம்பேர சொல்லமாட்டேன்.”

“என்னை வுடு. உன் அட்டென்டன்ஸ் இன்னான்னு பாத்தியா நீ?”

பார்த்திருந்தாள். தொண்ணூறு நாளில் அறுபத்தெட்டு வேண்டும். அவளுக்கு இருந்தது அறுபத்தொன்பது. ஆடி மாதம் விட்டு விட்டு வந்த காய்ச்சலில் பாதி நாள் போய்விட்டது. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுத்திருந்தவளுக்குச் சான்றிதழ் வாங்கத் தோன்றவில்லை. சான்றிதழ் இல்லாமல் இந்தக் கல்லூரியில் விலக்கு கிடையாது. கொல்லையில் நின்ற இரண்டு நாளைக் கழித்தால் அறுபத்தேழு. இந்த செமஸ்டரையே அடுத்த வருடம் மறுபடி படித்து எழுத வேண்டும். டிகிரி முடித்ததும் பி.எட். என்று அவளும் அப்பாவும் பேசி வைத்திருந்தது ஒரு வருடம் தள்ளிப்போகும்.

அன்றைய செவ்வாய்க்கிழமை அப்படியே போயிற்று. பஸ்ஸில் உட்கார்ந்தவள் எழுந்தாள், நின்றவள் உட்கார்ந்தாள். மயிலம் தாண்டும்போது சொல்லிவிடலாம் என்றிருந்தது. திண்டிவனம் வந்தபோது, தேவா எப்படியும் வேறு வழி பார்த்துக்கொள்வான் என்றிருந்தது. தானும் பயந்தாங்கொள்ளிதான் என்று தெரிந்துகொள்வது அவளுக்குப் புதுசு, அவமானமாக இருந்தது. வீட்டில் கேப்பைக் களியை உருட்டி உருட்டி வைத்துவிட்டுக் கை கழுவினாள்.

புதன்கிழமை மதியம் மேடத்தின் அறைக்குப் போனாள். தேவா வராத மூன்று நாளும் வருகை போட்டதை ஒரே மூச்சில் சொன்னாள்.

கிருஷ்ணவேணி மேடத்துக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கீழே தன் கையெழுத்தைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது. எழுந்து கதவைச் சாத்தினார்.

“இத பெருசு பண்ண வேணாம். நான் சொல்றத எழுது. ‘அந்த மூன்று நாளும் நான் வகுப்பில் இருந்தேன், தேவா வரவில்லை, கவனக்குறைவால் வருகை போட்டுவிட்டேன்.’ கீழ நான் சைன் பண்றேன். அவனுக்கும் கெடைச்சுடும், உனக்கும் ஒண்ணும் ஆகாது.”

எத்தனை சுலபம்! கலைப்பிரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது, ஆறுதலில். பேனாவை எடுத்து, ‘அந்த மூன்று நாளும் நான் வகுப்பில்’ என்று எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை.

அவன் நிஜமாகவே கால் முறிந்து கிடந்தவன். அந்த நிஜம் அவள் போட்ட பொய்யால்தான் பொய்யாகிப் போனது. இப்போது அதைக் காப்பாற்ற இன்னொரு பொய். நாளைக்கு எவனாவது புதன்கிழமை நீ எங்கே இருந்தாய் என்று கேட்டால், தேவா மறுபடி கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போய் நிற்பான். முனியம்மாள் மறுபடி அந்த எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடிப்பார்.

எழுதியதை அடித்தாள். செவ்வாய் தானே போட்டதையும், புதனும் வியாழனும் தானும் வகுப்பில் இல்லாததையும், அந்த இரண்டு நாளும் தான் சொல்லித்தான் இருவருக்கும் வருகை போடப்பட்டது என்பதையும் எழுதினாள். வேறு யார் பெயரையும் எழுதவில்லை. அது அவரவர் வாய் திறந்து சொல்ல வேண்டியது.

மேடம் வாங்கிப் படித்தார். “உன் கணக்கு இன்னான்னு தெரியுமா?”

“தெரியும் மேம். அறுபத்தேழு.”

“அந்த ரெண்டு நாளு நோட்டு யாருகிட்ட இருந்துது?”

“நோட்டு என்னோடது மேம்.”

மேடம் நெடுநேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். பிறகு கையெழுத்துப் போட்டார். இவள் முகத்தைப் பார்க்காமலே, “போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ” என்றார்.

மறுநாள் தேவாவுக்கு விலக்கு கிடைத்தது. ஹால் டிக்கெட் கிடைக்காதவர்கள் பட்டியலில் கலைப்பிரியாவின் பெயர் ஏறியது. நோட்டு முறை ஒழிந்து, மேடமே வகுப்புக்கு வந்து பெயர் கூப்பிட ஆரம்பித்ததில் வகுப்பு முழுவதும் இவள்மேல் கடுப்பானது. மதியச் சாப்பாட்டுக்குப் பவானி மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் ஒலக்கூர் நிறுத்தத்தில் துரைக்கண்ணு பைக்கோடு காத்திருந்தார். ஏறி உட்கார்ந்து, பாதி வழி வரைக்கும் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்ததை அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள். முழுவதும் சொன்னாள். வண்டி மெதுவாகி, ஒரு புளியமரத்தடியில் நின்றது. அவர் இறங்கவில்லை, திரும்பவும் இல்லை.

“அந்த ரெண்டு நாளு... நான் கூப்ட்ட ரெண்டு நாளா?”

“ஆமாம்பா.”

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “நாலு மூட்ட மல்லாட்டைக்கு உன் ஒரு வருசத்தத் தூக்கிக் குடுத்துட்டேனே பாப்பா. காலேஜுக்கு நானே வரேன். என்னாலதான்னு நான் சொல்றேன். அப்பன் கூப்ட்டா பொண்ணு இன்னா பண்ணும்?”

மூன்று நாளாகத் துடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அவளுக்குள் அடங்கிற்று. அவர் தோளில் கையை வைத்தாள்.

“நீ வராதப்பா. கூப்ட்டது நீ, சரி. வந்தது நானு. வந்துட்டு, க்ளாஸுக்கு வரலேன்னு எழுதாம வுட்டதும் நானு.”